பெயர் கேட்ட பிறகே துறை புகுக

நீர் வற்றாத ஆற்றுவாய் நாட்டை ஒரு குடைக்கீழ் காப்பவர், இரு கரை நெல்லும் தம் களத்தில் வந்து சேரக் கண்டவர், எம் குலத்துக்குப் பெண் தந்து பெருமை தந்தவர், சம்பந்தி வேந்தர் பெருங்கதிரார் திருமுன்பு, சுறாமுனைத் துறைக்கும் அதன் முன்னே கிடக்கும் பாறைகளுக்கும் உரிய உடும்பன் கைகூப்பி விடுக்கும் ஓலை. உம் நாட்டில் மழை பருவம் தப்பாது பெய்க. உம் ஆற்று வெள்ளம் கரைக்குள் அடங்கி ஓடுக. பட்டத்தரசியாரின் மூட்டுவலி குறைக. இங்கே உம் மகள் காந்தள் நாச்சியார் நலம். ஊரும் இந்த நாழிகை வரை நலம். அடுத்த நாழிகைக்கு நான் பொறுப்பேற்க மாட்டேன்.

உமக்கும் எனக்கும் உள்ள பட்டங்களை முழுக்க எழுதினால் ஓலை அதிலேயே தீர்ந்துவிடும். ‘யாம்’ என்று எழுதுவதுதான் முறை என்பது எனக்கும் தெரியும். ஆனால் யாம் என்று எழுதினால் பக்கத்தில் இன்னொருவன் நின்று எட்டிப் பார்ப்பது போலத் தோன்றுகிறது. ஆகையால் நான் என்றே எழுதுகிறேன். இதை எழுதுவதும் நானே. அரண்மனை எழுத்தரை நம்பவில்லை. வாள் பிடித்துக் காய்த்த கை, எழுத்தாணிக்கு வளையவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துப் படித்துக்கொள்ளும், பக்கத்தில் இருப்பவனைப் படிக்கச் சொல்ல வேண்டாம்.

முதலில் காரியம். என் மகனும் உம் மருமகனுமாகிய கொற்றன், நீர் அன்போடு தரும் அரிசியையும் வெடிமருந்தையும் ஏற்றிக்கொண்டு, உம்முடைய கப்பலில், உம்முடைய சுக்கான்காரனை நம்பிப் பௌர்ணமி ஓதத்தில் கடல் பொங்கி ஏறும்போது இங்கே வந்து சேருவதாகச் சொல்லிப் போனான். அவன் இன்னும் பாய் விரிக்கவில்லையானால் நிறுத்தும். இந்த ஓலையில் உள்ளது உம் சுக்கான்காரனுக்கு நெட்டுருவாகும் வரை அந்தக் கப்பலின் நங்கூரம் மேலே வரக் கூடாது. இதைக் கேட்காமல் வந்தானானால் என் மகன் எங்கள் பாறையிலேயே அடிபட்டுச் சாவான், அதுவும் எங்கள் வாயாலேயே சாவான். எப்படி என்று சொல்கிறேன்.

எங்கள் துறைக்கு மதில் கிடையாது, பாறைகளே மதில். அவற்றை எங்கள் ஊரில் மாமிமார் என்பார்கள். பக்கம் தப்பி நெருங்கினால் குடும்பத்தைக் கெடுப்பார்கள் என்பதால் அந்தப் பட்டம். மொட்டச்சி, கூனி, பல்லழகி, ஒற்றைக்காலி என்று தோற்றத்தைப் பார்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள். வெளிக்கடலில் நின்று பார்த்தாலே எது எது என்று தெரியும். எவள் பக்கம் முதலில் போவது, அவளைத் தாண்டி எவள் பக்கம் திரும்புவது என்பதுதான் கமுக்கம். அந்த வரிசை எங்கள் கூவுகாரிகளுக்கு மட்டுமே தெரியும். நட்புக் கப்பல் வந்து வெளியே நின்றால், முனையில் உள்ள கூவுமேட்டில் ஏறி அந்தப் பெண்கள் பாறைப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூவுவார்கள். கூவக் கூவச் சுக்கான்காரன் திருப்புவான். உம்முடையவனும் இப்படித்தான் பலமுறை வந்து போயிருக்கிறான். நான் எழுதிய பெயர்கள் வரிசைப்படி உள்ளன என்று நினைக்க வேண்டாம். உம்மை நம்புகிறேன், ஓலையை நம்பவில்லை.

இனி ஆங்கிலேயர் கப்பல். அது எங்கள் துறைக்கு வெளியே வந்து நின்று நாளாகிறது. அதன் கப்பித்தான் முதலில் கோழியும் தேங்காயும் வாங்கினான். பிறகு மிளகு கேட்டான். பிறகு கூவுமேட்டில் ஒரு கிடங்கு கட்ட இடம் கேட்டான். கிடங்குக்கு எதற்குப் பீரங்கி வைக்கும் துளை என்று ஆள் விட்டுக் கேட்டேன், மறுமொழி வரவில்லை. அன்று முதல் எங்கள் கட்டுமரங்களை மறிக்கிறான், வெளிக்கடலுக்கு விடுவதில்லை. அவன் பௌர்ணமி ஓதத்துக்காகக் காத்திருக்கிறான் என்பது குருடனுக்கும் தெரியும். கொற்றனை எதிர்கொள்ளப் படகு அனுப்ப வழியில்லாமல் மலைப்பாதையில் இந்த ஓலையை அனுப்புவதும் அதனால்தான்.

அந்தக் கப்பலுக்குப் போய் விற்கும் எங்கள் பெண்கள், கூவுகாரிகளும் அவர்களே, பேச்சுத் தெரியாமல் ஏமாறுகிறார்கள் என்று உம் மகள் உமக்கு எழுத, நீர் உம் துபாஷி மாசிலாமணியை ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க அனுப்பினீர். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. இரண்டு மொழி பேசுகிறவன் எந்த மொழியில் பொய் சொல்கிறான் என்று கண்டுபிடிப்பது கடினம். ஆனாலும் மருமகள் கேட்டாள், விட்டேன். கூவுமேட்டின் அடியில், வெட்டவெளியில், காலை வேளையில் பாடம். எங்கள் ஆட்களுக்கு வாய்விட்டுக் கத்தினால்தான் படிப்பு ஏறும். கரைக்காற்று கடல் பார்த்து வீசும் வேளை அது. அதை அப்போது யாரும் நினைத்துப் பார்க்கவில்லை, நானும்தான்.

அவன் என்ன ஓதுகிறான் என்று உளவு பார்க்கக் கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் மேல் நானே போய் உட்கார்ந்தேன். எதையும் குறிக்கும் பெயர்ச்சொல்லை ஆங்கிலேயர் நவுன் என்பார்களாம். அதில் பல வகையாம். ஊர், ஆறு, படகு, நாய் என்று இனத்துக்கெல்லாம் பொதுவாக நிற்பது பொதுப்பெயர். சுறாமுனை, ஆற்றுவாய் என்று ஒன்றுக்கே உரியது தனிப்பெயர். அதன் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக எழுதுவார்கள், பெயருக்கு உடையவன் அயோக்கியனானாலும் பெரிதாகத்தான் எழுதுவார்கள். அப்படியானால் அரசன் என்பது தனிப்பெயர்தானே என்று கேட்டேன். பொதுப்பெயர் என்றான். எனக்குச் சுருக்கென்றது. இந்த இருக்கையில் யார் உட்கார்ந்தாலும் அரசன் என்றே சொல்வார்கள், உடும்பன் என்று தங்களை மட்டுமே சொல்வார்கள் என்று பணிவாக விளக்கினான். பணிவு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவன் சொன்னதில் பொய் இல்லை.

தனிப்பெயர்ப் பாடத்தன்றுதான் தீவினை நுழைந்தது. ஆளுக்கு ஒரு தனிப்பெயர் சொல்லச் சொன்னான் அந்த அப்பாவி. சொல்ல வராமல் நின்றவர்களிடம், வீட்டுக்காரர் பெயரைச் சொன்னால் போதும் என்றான். உமக்குத் தெரியும், கட்டிய பெண் கணவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று எங்கள் கரையில் அஞ்சுவார்கள். ஒருத்தி சூரியனைக் கையால் காட்டினாள். ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். தானும் பாடத்தில் உட்கார்ந்திருந்த உம் மகளைக் கேட்டபோது அவள் ‘அவர்’ என்றாள். அது பெயருக்குப் பதிலாக நிற்கும் சொல், பெயரே ஆகாது என்று அவன் திருத்தினான். அவள் மறுபடியும் ‘அவர்’ என்றே சொன்னாள். சரி, மாமியார் பெயரையாவது சொல்லுங்கள் என்றான். அது இன்னும் கெட்டது. மீன் விற்கும் ஒரு கிழவி அவனைப் பார்த்து, “எங்க வீட்டு ஆளு பேரு உனக்கு என்னத்துக்குய்யா? வரி போடப் போறியா?” என்று கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளே, வீட்டு மாமியார் பெயரைத்தான் சொல்லக் கூடாது, கடல் மாமிமார் பெயரைச் சொன்னால் யாருக்கு என்ன நட்டம் என்று தொடங்கிவைத்தாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

எங்கள் பெண்கள் அந்தப் பெயர்களைத் தாய்ப்பாலோடு கேட்டு வளர்ந்தவர்கள். வரிசை மாற்றிச் சொல்ல அவர்களுக்கு வராது. ஒன்றைச் சொன்னால் அடுத்தது தானே நாக்கில் வந்து நிற்கும். மாசிலாமணி மகிழ்ந்துபோய், நல்ல தனிப்பெயர்கள், நாள்தோறும் சொல்லுங்கள் என்றான். நாள்தோறும் கத்தினார்கள். கப்பல் வந்தால் மட்டும் கூவவேண்டிய வரிசையைக் காற்றில் ஏற்றி அந்நியன் காதில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

இதைக் கண்டுபிடித்தவன் சடையன் என்னும் மீனவன். ஆங்கிலேயர் சிறுபடகு ஒன்று, கயிற்றில் ஈயக்குண்டு கட்டி ஆழம் பார்த்துக்கொண்டே, முதல் பாறையைச் சரியான பக்கம் தாண்டி, இரண்டாம் பாறைக்கும் சரியாகத் திரும்பியதை அவன் கண்டிருக்கிறான். மூச்சு வாங்க ஓடி வந்தான். “ஆண்டவரே, அவனுங்க நம்ம மாமிமாரைப் பேரு சொல்லிக் கூப்பிடுறானுங்க. மொட்டச்சின்றானுங்க, சிரிக்கிறானுங்க” என்றான்.  இத்தனை போரில் எந்தப் பகைவன் வாயிலும் அந்தப் பெயர்கள் வந்ததில்லை.

உம் துபாஷியை உப்புக் கிடங்கில் அடைத்தேன். மறைக்கவில்லை, சொல்கிறேன். தான் உள்நாட்டான் என்றும், பெயர் கேட்டேனே ஒழிய வழி கேட்கவில்லை என்றும், பாறைகளுக்குப் பெயர் உண்டு என்பதே பெண்கள் சொல்லித்தான் தனக்குத் தெரியும் என்றும் முறையிட்டான். முழுதும் நம்பவில்லை, பாதி நம்புகிறேன். இப்போது வெளியே விட்டுக் காவலோடு பாடம் சொல்ல வைத்திருக்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறான் என்று அவன் வீட்டாருக்குச் சொல்லும்.

பாடத்தையே நிறுத்திவிடுவோம் என்றார்கள் என் அமைச்சர்கள். உம் மகள் அவையில் எழுந்து, நிறுத்தினால் இதுவரை கேட்டது உண்மை என்று நாமே ஒப்புக்கொண்டதாகும், நிறுத்தாமல் நாள்தோறும் வரிசையை மாற்றிச் சொல்லுவோம், எது மெய் எது பொய் என்று தெரியாதவன் பாறைக்குள் கப்பலை விடமாட்டான் என்றாள். இதை உமக்கு எழுதவே கூச்சமாக இருக்கிறது. அவள் இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அவளையும் நான் முழுக்க நம்பியதில்லை. அன்று நம்பினேன். ஆனால் எங்கள் கூவுகாரிகளுக்கு வரிசை மாற்ற வரவில்லை. பொய் வரிசையில் தொடங்குவார்கள், பாதியில் நாக்கு மெய் வரிசைக்கே ஓடிவிடும். ஒருத்தி அழுதேவிட்டாள். வெளிநாட்டிலிருந்து வந்தவளாதலால் உம் மகளுக்கு மட்டுமே அது வந்தது. இப்போது அவள் முன்னே சொல்ல, மற்றவர்கள் அவள் வாயைப் பார்த்துப் பின்னே சொல்கிறார்கள். ஆங்கிலேயர் சிறுபடகு அதன் பிறகு உள்ளே வரவில்லை. பாதி வழியில் நின்று தலையைச் சொறிகிறார்கள்.

இப்போது என் கவலை உமக்குப் புரியும். அந்நியனைக் குழப்புகிற அதே கூவல்தான் கொற்றன் காதிலும் விழும். உம் சுக்கான்காரன் எங்கள் கூவலைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு திருப்புவான். அப்படித் திருப்புவதுதான் இத்தனை காலமும் நாங்கள் அவனுக்குக் கற்பித்தது.

ஆகவே ஒரு குறி வைத்திருக்கிறோம். பாடம் எப்போதும் ஓர் ஆங்கிலப் பெயர்ச்சொல்லில் தொடங்கும், அதன் பிறகே பாறைப் பெயர்கள் வரும். ஆங்கிலேயன் தன் மொழியைக் கேட்டுப் பள்ளிப் பிள்ளைக் கத்தல் என்று சிரிப்பான். உம் சுக்கான்காரன் சிரிக்கக் கூடாது. அந்த முதல் சொல் எந்த வகை என்று பார்க்க வேண்டும். அவனுக்குக் கற்பிக்க வேண்டியது இதுதான். நீர் படித்தவர், உமக்கு எளிது.

போட் என்றோ பிஷ் என்றோ தொடங்கினால், அதாவது படகு, மீன் என்னும் பொதுப்பெயர் வந்தால், அன்றைய வரிசை பொய். கப்பலை, எங்கள் கூவல் எட்டும் தொலைவில் உள்ள ஆமைத்தீவின் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்க வேண்டும். பெரும்பாலான நாள் இப்படித்தான் இருக்கும், அவன் சலிக்கக் கூடாது.

பிளீட் என்றால் கப்பல் கூட்டம், குரூ என்றால் கப்பலாட்களின் கூட்டம். பலதை ஒன்றாகக் கட்டி ஒரே பெயரில் சொல்வது கூட்டப்பெயர். அது முதலில் வந்தால் இன்னொரு ஆங்கிலக் கப்பலும் வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள். நிற்கவே வேண்டாம், உம் துறைக்குத் திரும்பிவிட வேண்டும்.

அயர்ன் என்றால் இரும்பு, சால்ட் என்றால் உப்பு. எடுத்து வேறு ஏதாவது செய்கிற மூலப்பொருளின் பெயர் அந்த வகை. இவற்றை ஆங்கிலத்தில் எண்ண முடியாது என்று மாசிலாமணி சாதிக்கிறான். உப்பு மூட்டையை நான் வாழ்நாள் முழுதும் எண்ணியிருக்கிறேன் என்றேன். எண்ணியது மூட்டையை, உப்பை அல்ல என்றான். அதோடு விட்டுவிட்டேன். பொருட்பெயர் வந்தால் எங்கள் பீரங்கிகள் பேசப்போகின்றன. குண்டு எட்டாத தொலைவில் நிற்க வேண்டும்.

இன்னும் ஒரு வகை. கையால் தொட முடியாத, மனத்தால் மட்டும் அறிவதன் பெயர். பியர் என்றால் அச்சம். அச்சத்தைத் தொட முடியாது என்று அவன் சொன்னபோது நான் மறுத்துப் பேசவில்லை.  அந்த வகை முதலில் வந்தால், ஊர் என் கையில் இல்லை. கொற்றன் திரும்பிப் போய் உம்மிடம் இருக்கட்டும். உம் நிழலில் அவன் அரசன் ஆகட்டும். பொதுப்பெயர்தானே, யார் மேலும் உட்காரும்.

ஒன்று எச்சரிக்கிறேன். ஸ்டோன் என்னும் கல்லை எறிவதானால் பொதுப்பெயர், சுவர் கட்டுவதானால் பொருட்பெயர் என்று அவன் இரண்டு பக்கமும் பேசினான். அப்படி இரண்டு பக்கமும் பேசும் சொற்களை எல்லாம் விலக்கிவிட்டேன். உம் சுக்கான்காரனை நீரே கேட்டுப் பாரும். உப்பு எந்த வகை என்றால் பொதுப்பெயர் என்பானாகில் அவனை ஏற்ற வேண்டாம், வேறு ஆளைத் தேடும். மகனைக் கொடுத்துப் பாடம் படிக்க என்னிடம் இன்னொரு மகன் இல்லை.

மிச்சம் தனிப்பெயர். அது முதலில் வந்தால் அன்றைய வரிசை மெய், வரலாம். கடல் தெளிந்த நாளில், அவன் கப்பல் நகர்ந்த நாளில், நான் தலையசைத்த பிறகே அது வரும். எந்தத் தனிப்பெயர் என்பதில்தான் சிக்கல் எழுந்தது. ஆங்கிலேயனின் ஊர்ப்பெயர் ஏதாவது வைக்கலாம் என்றான் மாசிலாமணி. எவனும் அந்தப் பெயரைக் கத்திவிடலாமே, அவர்கள் கப்பலில் தமிழ் பேசும் கூலிகள் இல்லையா என்றேன். கொற்றன் பெயரையே வைப்போம் என்றார் ஓர் அமைச்சர். அதையும் யாரும் கத்தலாம், ஆண் குரல் எல்லாம் காற்றில் ஒன்றுபோலத்தான் இருக்கும். எவனாலும் பொய்யாகச் செய்ய முடியாத ஒரு குறி வேண்டும் என்று நான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன்.

உம் மகள் அப்போது, “நான் கூப்பிடுறேன் மாமா” என்றாள்.

 அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தந்தையாகிய உமக்கு அது சேர வேண்டும். “என் வாயால அவர் பேரு அவர் காதுல விழுந்ததே இல்ல. விழுந்தா அது நான்தான்னு அவருக்குத் தெரியும். வேற யாரும் அதைப் பண்ண முடியாது.” ஊர்ப் பெண்கள் ஆயுள் குறையும் என்று அஞ்சுவார்களே என்று நான் தடுமாறினேன். “பேரைச் சொன்னா ஆயுசு குறையும்னா, சொல்லாம விட்டா பாறையில போயிடும். எதைக் குறைக்கச் சொல்றீங்க?” என்றாள்.  இதற்கு உமக்கு விடை தெரிந்தால் எழுத வேண்டாம்.

ஆகவே அந்த ஒரு நாள் மட்டும் பாடம் ஆங்கிலச் சொல்லில் தொடங்காது, உம் மகளின் அழைப்பில் தொடங்கும். சுக்கான்காரனுக்கு வகைகளைக் கற்பியும். கொற்றனுக்கு ஒன்று மட்டும் சொல்லும்: உன் பெயரை இதுவரை சொல்லாத ஒருத்தி, கூவுமேட்டில் நின்று, ‘கொற்றா’ என்று அழைத்தால் வா, வேறு எவர் அழைத்தாலும், நானே அழைத்தாலும், வராதே.

இதற்குள் அவன் பாய் விரித்துப் போய்விட்டிருந்தால், உம் வேகமான படகை அவன் பின்னால் அனுப்பி ஆமைத்தீவில் மறியும். படகு எட்டாவிட்டால் என்ன செய்வது என்று நான் நினைக்கவில்லை. இந்த இடத்தில் நான் எழுதி அடித்த வரியை ஏட்டில் நீரே பார்க்கலாம்.

உம் மகள் நாள்தோறும் பாடம் முடிந்து எல்லாரும் போன பின், அலைச்சத்தம் பெரிதாக உள்ள இடத்தில் கடலைப் பார்த்து நின்று பழகுகிறாள். தொலைவிலிருந்து பார்க்கிறேன். வாய் அசைகிறது. குரல் இன்னும் வரவில்லை.  அந்த நாளில் வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இந்த ஓலை கொண்டுவருபவனுக்கு உள்ளே இருப்பது தெரியாது. கேட்டாலும் சொல்ல மாட்டான், ஊமை. அவனுக்குச் சோறிட்டு அனுப்பும். படித்து முடித்ததும் ஓலையை அடுப்பில் இடும், பெட்டியில் வைக்க வேண்டாம்.

சுறாமுனையில், கப்பல் கண்ணில் படும் சாளரத்தின் அருகில் இருந்து எழுதி, அரக்கிட்டு, என் தந்தை விரலிலிருந்து என் விரலுக்கு வந்த உடும்பு மோதிரத்தால் அழுத்தி முத்திரை வைத்தேன். பெயர் கேளாமல் கொற்றன் வரும் கப்பல் பாறைப் பக்கம் முகம் திருப்பக் கூடாது. இது கட்டளை. சம்பந்திக்குக் கட்டளை இடுவது முறையில்லை என்றால் வேண்டுகோள். காலில் விழுந்து கேட்டது என்று வைத்துக்கொண்டாலும் சரி. எதுவாக வைத்துக்கொண்டாலும், நிறைவேற்றும்.